கொதிக்காத தண்ணீர்

வீடு பார்க்க வந்த அன்று, குறை சொல்ல ரொட்டிக்காரனுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. குறை கண்டுபிடிக்காமல் விடுகிற ஆளும் அல்ல அவன். குழாயைத் திறந்து பார்த்தான், கதவைச் சாத்திப் பார்த்தான், சுவரைத் தட்டிப் பார்த்தான். பழைய வீடுதான், ஆனால் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. முன்பாதியில் வீட்டுக்காரர் தனியாக இருந்தார். பின்பாதி வாடகைக்கு. ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு படுக்கையறை. படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே, வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில், ஒரு ஆள் நடக்கிற அளவுக்குச் சந்து.

வீட்டுக்காரர் அதிகம் பேசாத மெலிந்த மனிதர். ஏற்கெனவே வேலைக்குப் போகிற இரண்டு பையன்களும் வயதான ஒரு தம்பதியும் வந்து கேட்டுப் போனார்களாம். கொடுக்கவில்லையாம். குழந்தை இருக்கிற குடும்பமாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று காத்திருந்ததாகச் சொன்னார். இந்தக் காலத்தில் இப்படி ஒருவரா என்று ரொட்டிக்காரனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து, அம்மாவின் இடுப்பில் இருந்த பிள்ளை, குண்டு என்று அவர்கள் கூப்பிடுகிறவன், இருமினான்.

வீட்டுக்காரர் குனிந்து, குழந்தையின் நெஞ்சுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார்.

“இருமல் இருக்கா?” என்று கேட்டார்.

காற்று வறண்டு கிடக்கிறது, இடம் மாறினால் சரியாகிவிடும் என்றாள் மனைவி. அவர் தலையாட்டிவிட்டு, சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

ரொட்டிக்காரன் பேக்கரியில் அடுப்பு பார்க்கிறவன். விடிவதற்கு முன்பே போய், வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் திரும்பிவிடுவான். அவன் வந்ததும் மனைவி கிளம்புவாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், மத்தியான ஷிஃப்ட். வாசலில் நின்றபடியே குழந்தையைக் கைமாற்றிக்கொள்வார்கள். பால் எப்போது கொடுத்தது, மூக்கு ஒழுகிற்றா, எத்தனை நேரம் தூங்கினான் என்பதோடு அவர்களுடைய அன்றைய தாம்பத்தியப் பேச்சு முடிந்துவிடும். ஒன்றரை வயதுக் குண்டுவுக்கு இதெல்லாம் பழகிப்போயிருந்தது. யார் தோளில் இருக்கிறோம் என்று பார்க்காமலேயே தூங்குவான்.

குடிவந்த பிறகு இருமல் குறையவில்லை. உதடு வெடிக்கிற வறண்ட குளிர். நாய் குரைக்கிற மாதிரி ஒரு சத்தம் குழந்தையின் தொண்டையிலிருந்து வந்தது. டாக்டர் பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை, அறையில் கொஞ்சம் ஈரம் இருந்தால் போதும் என்றார். மறுநாளே மனைவி ஓர் இயந்திரத்தோடு வந்தாள். வெள்ளை நிறம், பூசணிக்காய் உருவம். பட்டனை அழுத்தியதும் உச்சியிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. ரொட்டிக்காரன் கையை நீட்டிப் பார்த்தான். ஜில்லென்று இருந்தது.

அவனுக்கு மனசு ஒப்பவில்லை. சளி, இருமல் என்றால் சுடச்சுட ஆவி பிடிப்பதுதானே வழக்கம்? குளிரில் நடுங்குகிற பிள்ளைக்குக் குளிர்ந்த புகையா? தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக விடுகிற மெஷின் கடையில் இருந்ததே, அதை வாங்கியிருக்கலாமே என்றான்.

“அது வேப்பரைசர். இது ஹியூமிடிஃபையர்,” என்றாள் அவள். “அது தண்ணியக் கொதிக்க வைக்கும். இதுல சூடே கிடையாது. உள்ள ஒரு தகடு அதிரும், தண்ணி பொடிப்பொடியாச் சிதறி வெளிய வரும். ரெண்டும் காத்துல ஈரத்தத்தான் சேக்குது. நெஞ்சுக்குள்ள போய்ச் சேரும்போது சூடும் ஒண்ணுதான், குளிரும் ஒண்ணுதான்.”

அப்படியானால் கொதிக்கிறதால் ஒரு நன்மையும் இல்லையா என்று கேட்டான். உண்டு, கிருமி செத்துவிடும் என்றாள். இதில் அந்த வசதி கிடையாது. தினமும் கழுவிக் காயவைத்து, காய்ச்சி வடித்த டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் அழுக்கையும் சேர்த்து அறைக்குள் துப்பும். தைலம் கிய்லம் ஊற்றிவிடக் கூடாது என்று விரலை நீட்டி எச்சரித்தாள். ஆனால் தவழ்ந்து, நடந்து, கண்டதைப் பிடித்து இழுக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் கொதிக்கிற மெஷினை வைக்க மாட்டேன் என்பதில் உறுதியாக இருந்தாள். வார்டில் அவள் பார்த்திருந்தாள். எதைப் பார்த்தாள் என்று அவன் கேட்கவில்லை.

“அப்ப நம்ம வீட்டுல ஆவி வேண்டாம்ங்கற.”

“வேண்டாம். நீங்க ஒருத்தர் போதும்,” என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அன்று மத்தியானம் திரைச்சீலையை இழுத்துவிட்டு, குழந்தையைக் கட்டிலின் சுவரோரத்தில் படுக்கவைத்து, இயந்திரத்தை எட்டாத தூரத்தில் ஒரு ஸ்டூலின் மேல் வைத்தான். கீழே பாய் விரித்துத் தானும் படுத்தான். அடுப்படியில் நின்று வந்த உடம்பு. படுத்ததும் கண் சொருகியது.

விழிக்க வைத்தது வாசனைதான். தைலம். நெஞ்சில் தடவுகிற, கண்ணில் எரிகிற, காட்டமான தைலம்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். திரைச்சீலை ஈரத்தில் ஜன்னலோடு ஒட்டியிருந்தது. கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. குண்டு கட்டிலில் உட்கார்ந்து, விரலை நீட்டி இயந்திரத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்த சொற்கள் மிகச் சில. அதில் ஒன்று, தொட்டால் சுடும் என்று சமையலறை அடுப்பைக் காட்டி அம்மா சொல்லிக்கொடுத்தது.

“ச்சூ,” என்றான் குண்டு.

ரொட்டிக்காரன் புகையில் கையை வைத்துப் பார்த்தான். ஜில்லென்றுதான் இருந்தது. அப்போதுதான் கவனித்தான், குழந்தையின் விரல் இயந்திரத்தைக் காட்டவில்லை. அதற்குச் சற்று மேலே, ஓர் ஆள் குனிந்து நின்றால் முகம் இருக்கக்கூடிய இடத்தைக் காட்டியது.

திரையை விலக்கி ஜன்னலைத் திறந்தான். சந்தில், ஜன்னலுக்கு நேர்கீழே நாற்காலி போட்டு வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. முகத்தில், பாட்டுக் கேட்கிறவர்களின் லயிப்பு. இவனைக் கண்டதும் எழுந்து, வெயில் காய வந்ததாகச் சொல்லி, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். ஜன்னலைச் சாத்திய பிறகுதான் ரொட்டிக்காரனுக்கு உறைத்தது. அந்தச் சந்தில் எந்த நேரத்திலும் வெயில் விழுவதில்லை.

வேலை முடிந்து வந்த மனைவியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை, பயப்படவும் இல்லை. தைலம் ஊற்றினீர்களா என்று கேட்டாள். இல்லை என்றதும் இயந்திரத்தின் தண்ணீர்த் தொட்டியை முகர்ந்து பார்த்தாள். வாசனை இல்லை. அறையைச் சாத்திவைத்து விட்டதால் ஈரம் கூடிப்போயிருக்கும், கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், சுவரில் பூஞ்சை பிடித்தால் இருமல் இன்னும் மோசமாகும் என்றாள். அவள் சொன்னபடியே செய்தான். ஆனாலும் மத்தியானம் ஆனால் அந்த வாசனை வந்தது. ஒவ்வொரு நாளும் அறை கொஞ்சம் கூடுதலாகப் புழுங்கியது. பேக்கரி அடுப்புக்கு முன்னால் நின்று பழகியவனுக்கே மூச்சு முட்டியது. கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் படுப்பான். விழிக்கும்போது சாத்தியிருக்கும்.

ஒரு நாள் காலை, தொட்டியைக் கழுவக் கவிழ்த்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள். நெடுநேரம் சத்தம் வராததால் ரொட்டிக்காரன் எட்டிப் பார்த்தான். தொட்டியின் அடியில், வெந்நீர்ப் பாத்திரத்தில் படிகிற மாதிரி, சுண்ணாம்பு ஏடாகப் படிந்திருந்தது. அவள் நகத்தால் சுரண்டினாள். பெயர்ந்து வந்தது.

“இது டிஸ்டில்டு வாட்டர்ல வராதுங்க,” என்றாள் மெதுவாக. “குழாத்தண்ணிய ஊத்தி, திரும்பத் திரும்பக் கொதிக்க வச்சாத்தான் வரும்.”

“நான் ஊத்தல.”

“தெரியும்.” தொட்டியைத் துடைத்தாள். “இதுக்குள்ள கொதிக்க வைக்கிறதுக்கு ஒண்ணுமே கிடையாது.”

அவள் ஒயரைச் சுற்றி, இயந்திரத்தைச் சமையலறை மேல்தட்டில் தூக்கி வைத்தாள். வேறு வீடு பார்க்கலாம் என்று முடிவானது. அன்றைக்கு லீவு போட்டுவிடுகிறேன் என்றவளை வார்டில் ஆள் இல்லையென்று கூப்பிட்டுவிட்டார்கள். வாசலில் குழந்தையைக் கொடுக்கும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். குழந்தையைக் கையிலிருந்து இறக்காதீர்கள் என்று மட்டும் சொன்னாள்.

அவன் இறக்கவில்லை. மத்தியானம் முழுக்கத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தான். ஆனால் குண்டு கனமான பிள்ளை. அழுது, இருமி, கடைசியில் தூங்கியும் போனான். பால் கேட்டு எழுவதற்குள் சுடவைத்துவிடலாம் என்று கட்டிலில் படுக்கவைத்து, கதவை அகலத் திறந்து, அது சாத்தாதபடி ஒரு செருப்பைச் சொருகிவிட்டுச் சமையலறைக்குப் போனான். கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் கூடத்தின் அகலம்தான். பாலை அடுப்பில் வைத்தான்.

களக் களக் என்று தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது.

பாலைப் பார்த்தான். அது இன்னும் அசையக்கூட ஆரம்பிக்கவில்லை.

மேல்தட்டைப் பார்த்தான். இயந்திரம் ஒயர் சுற்றியபடி, காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தது.

சத்தம் படுக்கையறையிலிருந்து வந்தது. கூடவே தைல வாசனை, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. கூடவே குழந்தையின் இருமல். ஆனால் அந்த இருமல் வழக்கம்போல் இல்லை. எதற்குள்ளோ இருந்து, துணி போட்டு மூடியதுபோல் அமுங்கிக் கேட்டது.

அப்புறம் ஒரு பெண்ணின் குரல்.

மனைவி வந்துவிட்டாள் என்றுதான் ஒரு கணம் நினைத்தான். அந்தக் குரலில் அப்படி ஒரு வாஞ்சை இருந்தது.

“இன்னும் கொஞ்சம்டா கண்ணு. மூச்ச நல்லா இழு.”

அவன் கூடத்துக்கு ஓடினான். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. செருப்பு கூடத்தின் நடுவில் கிடந்தது. கதவுக்கு முன்னால், கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வீட்டுக்காரர் நின்றிருந்தார். அவர் எப்போது, எந்த வழியாக உள்ளே வந்தார் என்று அவனுக்குத் தெரியவில்லை. கதவிடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி கசிந்து அவருடைய காலைச் சுற்றிப் படர்ந்தது.

“கொஞ்ச நேரம் தம்பி,” என்றார் ரகசியம் போல. “அவ முடிச்சிடுவா.”

“யாரு?”

“எம்பொண்ணு.”

உள்ளே குழந்தை இருமியது. அந்த இருமல் பாதியில் நின்றது.

ரொட்டிக்காரன் அவரைப் பிடித்து இழுத்தான். அந்த மெலிந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. கைப்பிடியை விடவே இல்லை அவர். விரல்களைப் பிய்த்து எடுத்துத் தள்ளினான். சுவரில் மோதிக் கீழே சரிந்தார். கைப்பிடி கொதித்தது. பேக்கரித் தட்டைப் பிடித்துக் காய்த்துப்போன கை அவனுடையது. அந்தக் கையே துடித்தது. தோளால் இடித்துத் திறந்தான்.

அறை முழுக்க வெள்ளை.

சுவர்களில் தண்ணீர் ஓடியது. கட்டில் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கட்டிலின் மேல், போர்வை கூடாரம் மாதிரி எழும்பி நின்றது, ஆவி பிடிக்கிறவர்கள் தலையோடு மூடிக்கொண்டு உட்காருவார்களே, அப்படி.

போர்வைக்குள் இரண்டு உருவங்கள்.

ஒன்று சின்னது.

இன்னொன்று அதன்மேல் கவிந்து, பின்னந்தலையைப் பிடித்துக் கீழே அழுத்திக்கொண்டிருந்தது.

“அவ்வளவுதான், அவ்வளவுதான்,” என்றது குரல். “அம்மா எங்கயும் போகல பாரு.”

அவன் போர்வையைப் பற்றி இழுத்தான். உலைமூடியைத் திறந்ததுபோல் ஒரு வெக்கை முகத்திலும் கையிலும் அறைந்தது. கத்தினான். கண்ணை மூடிக்கொண்டே உள்ளே துழாவி, கிடைத்த காலைப் பிடித்து, குழந்தையை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தான்.

போர்வைக்குள் வேறு யாரும் இல்லை. கட்டிலில் மெஷின் இல்லை, பாத்திரம் இல்லை, ஒரு சொட்டு வெந்நீர் இல்லை.

குண்டுவின் முகம் பழுத்த பழம் மாதிரி சிவந்திருந்தது. தலைமுடி நனைந்து ஒட்டியிருந்தது. மூச்சு இல்லை. ரொட்டிக்காரன் அவனைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினான், பெயர் சொல்லிக் கூப்பிட்டான், திருப்பிப் போட்டு வாயில் ஊதினான், மனைவி எப்போதோ சொல்லிக்கொடுத்ததெல்லாம் தாறுமாறாக நினைவுக்கு வந்தது. கடைசியில் குழந்தை நீளமாக ஒரு மூச்சு இழுத்து, வீறிட்டு அழுதான். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் அப்பனும் அழுதான்.

வீட்டுக்காரர் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். கேட்காமலே சொன்னார். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தவர் மாதிரி, நிறுத்தாமல் சொன்னார்.

அவருடைய மகள் கைக்குழந்தையோடு இந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறாள். இதே மாதிரி வறண்ட குளிர்காலம், இதே மாதிரி இருமல். கொதிக்கிற மெஷினை வாங்கி, அதன் வாயில் தைலம் விட்டு, நெஞ்சில் இறங்கட்டும் என்று கட்டிலை ஒட்டி வைத்திருக்கிறாள். பால் எடுக்கச் சமையலறைக்குப் போன நேரத்தில் குழந்தை ஒயரைப் பிடித்து இழுத்துவிட்டது. தொட்டியோடு மேலே கவிழ்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்து, போய்ச் சேர்ந்தது. புதைத்துவிட்டு வந்த மகள், நேராக மெஷினில் தண்ணீர் ஊற்றினாள். பிள்ளை இன்னும் இருமுகிறது என்றாள். அதன்பிறகு தினமும் மத்தியானம் அறையைச் சாத்திக்கொண்டு, போர்வைக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பாள். இவர் சந்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பார். கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை. ஒரு நாள் பேச்சுச் சத்தம் வரவில்லை. உடைத்துத் திறந்தபோது மெஷினில் தண்ணீர் வற்றியிருந்தது. அவள் உடம்பு சில்லிட்டிருந்தது. அறை மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

பிறகு நெடுநாள் வீடு மௌனமாக இருந்ததாம். முதன்முதலில் குடிவைத்த குடும்பத்தில் ஒரு பிள்ளை இருமியதாம். அன்றைக்குத்தான் அவருக்கு மறுபடியும் மகளின் குரல் கேட்டதாம்.

“என்கிட்ட ஒரு வார்த்த பேச மாட்டேங்கறா தம்பி,” என்றார். “பிள்ளைங்க இருமினாத்தான் வர்றா.”

ரொட்டிக்காரன் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கேட்கவே கூடாது என்று நினைத்ததைக் கேட்டுவிட்டான்.

“முன்னாடி இருந்த பிள்ளைங்க? அவங்களுக்கு என்ன ஆச்சு?”

பெரியவர் அவனைப் பார்க்கவில்லை. திறந்து கிடந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாருக்கும் இருமல் நின்னுடுச்சு.”

பாலையும் அடுப்பையும் அப்படியே போட்டுவிட்டு அவன் தெருவுக்கு வந்தான். குழந்தையோடு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றான். மனைவி ஓடிவந்து முதலில் பிள்ளையைப் பார்த்தாள், பிறகு அவன் கையைப் பார்த்தாள். முழங்கை வரை கொப்புளம். அடுப்பு சுட்ட காயத்துக்கும் ஆவி அடித்த காயத்துக்கும் வித்தியாசம் தெரிந்தவள் அவள். மருந்து போட்டுக் கட்டினாள். அந்த வீட்டுக்கு அவர்கள் திரும்பிப் போகவில்லை. சாமான்களை ஆள் வைத்து எடுத்தார்கள். போலீசிலும் சொன்னார்கள். போலீஸ்காரர்கள் வந்து பார்த்தார்கள், பெரியவரை விசாரித்தார்கள், அழுகிற ஒரு கிழவரிடம் என்ன எழுதி வாங்குவது என்று தெரியாமல் போய்விட்டார்கள்.

குண்டுவை டாக்டர் தலை முதல் கால்வரை பரிசோதித்தார். நெஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார். அதன்பிறகு அவன் ஒருமுறைகூட இருமவில்லை. சந்தோஷப்பட வேண்டிய அந்தச் செய்தியை இருவராலும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. ராத்திரியில் யாராவது ஒருவர் எழுந்து, அவன் மூக்கில் விரலை வைத்துப் பார்ப்பது மட்டும் பழக்கமாகிவிட்டது.

ஊரின் இன்னொரு கோடியில், மூன்றாவது மாடியில் வீடு கிடைத்தது. புதுக் கட்டடம். மெல்லிய சுவர்கள், நல்ல வெளிச்சம், எப்போதும் யாராவது ஏறி இறங்குகிற படிக்கட்டு. ரொட்டிக்காரனின் கையில் தோல் வளர்ந்தது. குண்டு ஓட ஆரம்பித்தான், நிறையச் சொற்கள் கற்றுக்கொண்டான். பழைய வீட்டைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை.

குளிர் திரும்பி வந்தது. பக்கத்து வீட்டுக்கு ஒரு சின்னப் பெண் பச்சைக்குழந்தையோடு குடிவந்தாள். ஒரு மத்தியானம், மனைவி வேலைக்குப் போன பிறகு, ரொட்டிக்காரன் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தான். குண்டு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த குறுகலான நடையில் டப்பாக்களை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் பச்சைக்குழந்தை இருமியது. வறண்ட, குரைக்கிற இருமல்.

மறுபடியும் இருமியது.

சமையலறையில் ஒரு பாத்திரத்தின் மூடி லேசாக ஆடியது. பிறகு தடதடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. ரொட்டிக்காரன் கையில் இருந்த துணியோடு எழுந்து நின்றான். அவன் நின்ற இடத்திலிருந்தே அடுப்பு தெரிந்தது. பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்து, மூடியைத் தூக்கி, ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

அடுப்பு எரியவில்லை.

மூடியின் சத்தம் சட்டென்று நின்றது.

நடையில் விளையாடிக்கொண்டிருந்த குண்டு தலையைத் தூக்கிச் சமையலறைப் பக்கம் பார்த்தான். பிறகு டப்பாக்களைக் காலருகே இழுத்துக்கொண்டு, சுவரோடு ஒண்டி உட்கார்ந்தான், பெரியவர்கள் யாராவது கையில் சுடச்சுட எதையாவது ஏந்திக்கொண்டு வந்தால் வழிவிடுவானே, அப்படி.